மொட்டைமாடியில் ஐந்து கிலோமீட்டர்

போலகத்தில் சிவநாதன் வீட்டு மொட்டைமாடி நாற்பதடி நீளம், இருபத்துநான்கடி அகலம். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையை எடுத்துக்கொண்டது போக, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் முப்பத்தாறு மீட்டர் தேறும். நூற்று நாற்பது சுற்று வந்தால் ஐந்து கிலோமீட்டர். தையல் நாடாவை வைத்து அளந்து இந்தக் கணக்கைப் போட்டவள் அந்த வீட்டு மருமகள் சுகிர்தா. விடியற்காலை ஐந்தேகாலுக்கு மேலே வருவாள். ஒரு கொட்டாங்கச்சியில் பதினான்கு புளியங்கொட்டை இருக்கும். பத்துச் சுற்றுக்கு ஒரு கொட்டையை எடுத்துச் சுவர்மேல் வைப்பாள். பதினான்கும் சுவருக்கு வந்துவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

கையில் கடிகாரம் இல்லாமல் இல்லை. ஓடிய தூரத்தைச் சொல்லி, ஓடிய வழியைப் படமாகவும் போட்டுக் காட்டுகிற கடிகாரம். பிரான்சில் கால்வாய்க் கரையில் ஓடிய காலத்தில் அது நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டும். இந்த மாடியில் அது தலைமுடிச் சிக்கல் போல ஒன்றைக் காட்டியது. தூரத்தையும் கூட்டிக் குறைத்துச் சொன்னது. அதனால்தான் புளியங்கொட்டை.

சுகிர்தா பிறந்து வளர்ந்தது பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. காரைக்கால் பக்கத்தில் இப்படிப்பட்ட பெண்ணை 'நேஷனாலிட்டி பொண்ணு' என்பார்கள். அவளைக் கட்டுகிறவனுக்கும் அங்கே போக வழி பிறக்கும் என்பதால் மாப்பிள்ளை வீடுகளில் கிராக்கி அதிகம். பத்து மா நிலமும், வாஞ்சூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் சூப்பர்வைசர் வேலையும் உள்ள அந்த வீட்டு மகன் கலைவாணனுக்கு அவள் அமைந்தபோது, சிவநாதனைப் பார்த்தவர்கள் எல்லாம் 'எப்ப ஃபிளைட்டு' என்றுதான் கேட்டார்கள்.

அதில் ஒரு தவறு நடந்துபோயிற்று. கல்யாணத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஒரு சான்று வாங்க வேண்டும். பெண் வீட்டார் சொல்லித்தான் இருந்தார்கள். சான்று வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆனியில் கடைசி முகூர்த்தம் ஒன்றுதான் மிச்சம், அதை விட்டால் ஆடி. சிவநாதன் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, பேப்பர் பின்னால் வரும், முகூர்த்தம் பின்னால் வருமா என்று கேட்டார். தாலி கட்டியாயிற்று. அதன் பிறகு கல்யாணத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றும் வேலை இழுத்துக்கொண்டே போனது. அது ஏறினால்தான் கலைவாணனுக்கு விசா.

சுகிர்தா திரும்பிப் போய் அங்கே ஒரு பெண்பிள்ளை பெற்றாள். அல்லி என்று பெயர். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது தூக்கிக்கொண்டு போலகம் வந்தாள். அவள் வேலை பார்த்தது ஒரு முதியோர் இல்லத்தில். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும்வரை அவளுக்கு அந்த வேலையைப் பிடித்து வைத்திருப்பார்கள். நாலு மாதம் இருந்துவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நாலு மாதம் இரண்டரை வருஷம் ஆகப்போகிறது. அல்லிக்கு மாசி எட்டாம் தேதி மூன்று வயது நிறைகிறது.

தெருவில் எல்லோருக்கும் அவள் சொந்த ஊருக்கு வந்த பெண். அவளுக்கோ இதுதான் வெளிநாடு என்பது யாருக்கும் தோன்றவில்லை. முகம் இந்த ஊர் முகம், பேச்சும் ஏறக்குறைய இந்த ஊர்ப் பேச்சு. பிறகு என்ன வெளிநாடு?

வந்த புதிதில் அவள் சாலையில்தான் ஓடினாள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே திரும்பி வாஞ்சூர் சோதனைச் சாவடி வரை. அதற்கு அப்பால் தமிழ்நாடு. தடுப்புக் கட்டையைப் பார்த்ததும் திரும்பிவிடுவாள். நடவுக்குப் போகிற சின்னப்பிள்ளை முதல் நாளே வழிமறித்து, "என்னா ஆயி இந்த ஓட்டம், பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று கேட்டாள். இல்லை, உடம்புக்காக என்று சுகிர்தா சொன்னதும், சின்னப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடம்புக்குன்னா எங்கூட வா. ரெண்டு மா நட்டுப்புட்டுப் போ. ஒடம்பும் ஆச்சு, வேலையும் ஆச்சு." கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்துவிட்டுத்தான் ஓடினாள்.

டீக்கடை குஞ்சிதபாதம்தான் சிவநாதனிடம் பேச்சைத் தொடங்கியவர். அவரும் குறையாகச் சொல்லவில்லை. முழு டவுசர்தான் போட்டிருக்கிறது, மேலே துண்டும் போட்டிருக்கிறது, ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் பையன்கள் மணி பார்த்து வந்து உட்காருகிறார்கள் என்றார். சிவநாதன் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி பங்கஜவல்லியிடம் சொன்னார். பங்கஜவல்லி மகனிடம் சொன்னாள். கலைவாணன் நல்ல மாதிரியாகவே சொன்னான். நாய்த் தொல்லை, மணல் லாரி எல்லாம் வேறு இருக்கிறது, நம் மாடி சும்மாதானே கிடக்கிறது என்றான். போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் மாடிக்கு ஏறினாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக இப்படித்தான் ஆனது. பிள்ளையின் பாஸ்போர்ட்டும் அவளுடையதும் மேசை இழுப்பறையில் கிடந்தன. எலி கடித்துவிடும் என்று அவற்றைப் பீரோவில் வைத்தார்கள். பீரோ சாவி பங்கஜவல்லி இடுப்பில். காரைக்கால் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது கூட வருவார்கள். ஓடிவிட்டு வந்து இரண்டு முட்டையை அவித்து, உப்புப் போட்டு நின்றுகொண்டே தின்றால், பங்கஜவல்லி அதை உட்கார்ந்து பார்ப்பாள். பேச்சு வந்த புதிதில் பிரெஞ்சில் 'மமோ' என்று கூப்பிட்ட அல்லி இப்போது 'எம்மா' என்று இழுத்துக் கூப்பிட்டது. சுகிர்தாவுக்கு நாளில் தன்னுடையதென்று இருந்தது அந்த நூற்று நாற்பது சுற்றுதான்.

அதிலும் ஒரு பங்கு போயிற்று. ஐப்பசியில் பங்கஜவல்லிக்குத் தலை சுற்றி விழுந்ததில் சர்க்கரை இருநூற்று எண்பது என்று தெரிந்தது. காரைக்கால் டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். முப்பது வருஷம் வரப்பில் நடந்த காலை இன்னும் எங்கே நடக்கச் சொல்கிறான் என்று வரும் வழியெல்லாம் பொருமினாள். சாலையில் கையை வீசிக்கொண்டு நடக்க வெட்கம். மறுநாள் ஐந்தரைக்கு மருமகள் பின்னாலேயே மாடிக்கு வந்துவிட்டாள். சுகிர்தா சுவரோரம் ஓட, பங்கஜவல்லி உள்வட்டத்தில் நடந்தாள். மூன்று சுற்றுக்கு ஒருமுறை சுகிர்தா அவளைத் தாண்டிப் போவாள். அப்போதெல்லாம் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் கிட்டே வந்து பின்னால் போகும்.

கிலோமீட்டர் கணக்கு பங்கஜவல்லிக்குப் பிடிபடவில்லை.

"இஞ்சேருந்து புள்ளையார் கோயிலு எத்தன சுத்து?" என்று கேட்டாள்.

சுகிர்தா யோசித்துச் சொன்னாள். "பதினொண்ணு அத்தை."

"பஸ் ஸ்டாப்பு?"

"நாப்பத்திரெண்டு."

அன்றிலிருந்து அதுதான் அவள் கணக்கு. கீழே வந்து புருஷனிடம், "இன்னக்கிப் புள்ளையார் கோயிலுக்குப் போயி வந்தேன்" என்பாள். மார்கழிக் கடைசியில் ஒருநாள் நான்கு கொட்டைகளையும் மேற்கொண்டு இரண்டு சுற்றையும் தானே எண்ணி முடித்து, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய்விட்டதாக மூச்சு வாங்கச் சொன்னாள். "போனவ அப்புடியே பஸ்ஸேறிப் போயிருக்க வேண்டியதான" என்றார் சிவநாதன். "ஏறியிருப்பேன். டிக்கெட்டுக்குச் சில்லற இல்ல" என்றாள் அவள். சுகிர்தா அன்றுதான் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள்.

தை பிறந்து அறுவடை முடிந்தது. கடைசி மழையில் கொஞ்சம் சாய்ந்துவிட்டாலும் மணி பழுதில்லை. மெஷினில் அறுத்ததையெல்லாம் அப்படியே விற்றுவிட்டு, விதைக்கென்று மேட்டு வயலில் ஆள் வைத்து அறுத்த நாலு மூட்டையைச் சிவநாதன் மாடியில் கொட்டச் சொன்னார். சுவரிலிருந்து சுவர் வரை நெல். ஓட ஓரடி இடமில்லை. வெயில் ஏறியபின் அதைக் கிளறிவிட வேண்டும். கிளறுவது காலால்தான். நெல்லுக்குள் பாதத்தை இழுத்துக்கொண்டே ஒரு சுவர் வரை போய்த் திரும்பினால் பின்னால் சால் விழும். ஈரம் மேலே வரும்.

பத்து மணி வாக்கில் சுகிர்தா ஏதோ நினைப்பில் ஓட்டத்துக்குப் போடும் ஷூவோடு மேலே வந்து, நெல்லில் கால் வைக்கப் போனாள்.

"கழட்டு, கழட்டு. வெத நெல்லு" என்றாள் பங்கஜவல்லி. "செருப்புக் காலு பட்டா மொளக்காது."

சுகிர்தா கழற்றினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நடக்கத் தொடங்கினார்கள். அல்லி படிக்கட்டு வாசலில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் நெல்லை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது.

"காலத் தூக்காத. தேச்சுக்கிட்டே போ. ஓடுற மாரி போனா மேல மட்டுந்தான் கலையும்."

நெல்லின் முனை விரலிடுக்கில் குத்தியது. கீழே தளம் சுட்டது. நாலைந்து சால் போனபின் பங்கஜவல்லி கேட்டாள்.

"எத்தனாந் தேதி வேலையில நிக்கணும்?"

"மாசி எட்டு அத்தை. லெட்டரு வந்துட்டு. அன்னக்கி வரலன்னா வேற ஆளு போட்டுருவாங்க."

"அவன் பேப்பரு?"

"இன்னும் கூப்புடவே இல்லையாமே. அப்ப முகூர்த்தத்துக்கு அவசரப்பட்டதுதான்."

பங்கஜவல்லி சுவர்வரை போனாள். திரும்பினாள். பாதி தூரம் வந்தபிறகுதான் பேசினாள்.

"அந்தப் பதிவு வேல எப்பவோ முடிஞ்சுபோச்சு."

சுகிர்தா நின்றுவிட்டாள்.

"நிக்காத. நெல்லு சூடா இருக்கயிலதான் பொரட்டணும்." அவள் நடக்கத் தொடங்கியதும் பங்கஜவல்லி தரையைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "விசாவுக்கு ரெண்டு தடவ கூப்புட்டாங்க. ஐப்பசியில ஒண்ணு, மார்கழியில ஒண்ணு. பாண்டிச்சேரியில விசாரிச்சுட்டு வர்றேன்னுதான் கௌம்புனான். போவல."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான். தொவைக்கப் போட்ட சட்டயில நல்லெண்ண வாட. பாண்டிச்சேரியில ஆபீசுக்குப் போனவன் மேல எப்புடி நல்லெண்ண வாட அடிக்கும்? திருநள்ளாத்துல எண்ண தேச்சு முழுவிட்டு, கூட்டாளி லாட்ஜுல படுத்துக் கெடந்துட்டு வந்துருக்கான். புடிச்சுக் கேட்டேன். அப்பத்தான் சொன்னான்."

இரண்டு சால் போயிற்று. சுகிர்தாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"பீரோ சாவிய?"

"அவன்தான் வச்சுக்கச் சொன்னான்." பங்கஜவல்லி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அது வேண்டியதாத்தான் இருந்துச்சு. புள்ள போயிட்டா இந்த வூட்ல என்னா கெடக்கு சொல்லு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. காலையில் கருக்களாச்சேரி மீன்காரி கொண்டுவந்த கருவாடு. கலைவாணன் இரண்டாம் சோறு போட்டுக்கொண்டபோது சுகிர்தா அதைக் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தான். அவள் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. சிவநாதன் பாதியில் கைகழுவி எழுந்துபோனார்.

"அங்க வந்தா நான் யாரு?" என்றான். "உங்க சித்தப்பா மாரி ஓட்டல்ல தட்டுக் கழுவணும். பாஷ தெரியாது, எதுக்கெடுத்தாலும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். இஞ்ச நாப்பது பேரு எனக்குக் கீழ நிக்கிறான்."

"கட்டும்போது தெரியாதா?"

"அப்ப எல்லாரும் போன்னு சொன்னாங்க. நானும் போவணும்னுதான் நெனச்சேன்." குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். "உன்ன நான் போவாதன்னு சொல்லல சுகிர்தா. நல்ல வேல, வுட்டுடாத. போ. வருஷத்துக்கு ஒருதடவ லீவுல வா. பாப்பா இஞ்ச இருக்கட்டும்."

"பாப்பாவ வுட்டுட்டா?"

"இந்தத் தெருவுல எத்தன பேரு துபாயி, சிங்கப்பூருன்னு கெடக்கான்? புள்ளயத் தாய்கிட்ட வுட்டுட்டுத்தான போயிருக்கான்? ஆம்பள போனா ஞாயம், பொம்பள போனா அநியாயமா?"

அதற்கு அவள் வாயில் பதில் வந்தது. வந்தது பிரெஞ்சில். அங்கே யாருக்கும் அது புரியாது என்பதால் சொல்லாமல் விட்டாள்.

மறுநாள் காலை கலைவாணன் யார்டுக்குப் போனபின் பங்கஜவல்லி பீரோவைத் திறந்தாள். சிவப்பு அட்டை பாஸ்போர்ட் ஒன்றை எடுத்து வந்து, சமையல் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சுகிர்தா விரித்துப் பார்த்தாள். தன் படம். இன்னொன்றுக்காக மாமியார் முகத்தைப் பார்த்தாள். பங்கஜவல்லி பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒண்ணுதான் குடுக்கச் சொன்னான்" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு மொச்சை உரிக்க உட்கார்ந்தாள்.

மத்தியானம் பிரான்சில் காலை விடிந்ததும் சுகிர்தா தன் தாயோடு போனில் பேசினாள். பேச ஓர் இடம் அந்த வீட்டில் தனியாகக் கிடையாது. கூடத்திலேயே நின்று பேசினாள். பங்கஜவல்லி நாலடி தள்ளி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காதில் போன் இருந்தாலும் அந்தம்மாள் குரல் பெரிய குரல். சின்னம்மா மகள் போன வருஷம் பிள்ளை பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டாள் அல்லவா, அதற்கு என்ன ஆனது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரியில் நேரில் போய் நின்றாள், தாய் கையெழுத்துப் போட்டதும் ஒரு வாரத்தில் வேறு காகிதம் கொடுத்தார்கள், தங்க இடத்துக்கு அத்தை வீடு இருக்கிறது, நீ பிள்ளையோடு அங்கே போய்ச் சேர்ந்தால் போதும் என்று அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. சுகிர்தா "ம்" என்று மட்டும் சொன்னாள். பங்கஜவல்லி ஒரு மொச்சையை வெகுநேரம் உரித்தாள்.

சாயங்காலம் சிவநாதன் விதை நெல்லைச் சணல் சாக்கில் கட்டி இறக்கினார். மாடி மறுபடி காலியானது.

மறுநாள் ஐந்தேகாலுக்கு சுகிர்தா அல்லியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். பிள்ளை பாதித் தூக்கத்தில் தோளில் கிடந்தது. பதினோரு கிலோ. இடுப்பில் வைத்து ஓடிப் பார்த்தாள், ஆறு சுற்றில் விலா பிடித்துக்கொண்டது. ஒரு பழைய நூல் புடவையால் முதுகில் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். முட்டி நடுங்கியது. ஓட்டமாக இல்லாமல் எட்டி நடையாக வைத்துக்கொண்டாள். அன்று இருபது சுற்று. அடுத்த நாள் இருபத்தாறு. தை மாதப் பனியில் கைப்பிடிச் சுவர் நனைந்திருந்தது. புளியங்கொட்டைகள் அதில் வழுக்கின. பங்கஜவல்லி வழக்கம்போல ஐந்தரைக்கு வந்து உள்வட்டத்தில் நடந்தாள். இப்போது இருவர் வேகமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சாவிச் சத்தம் முன்போலப் பின்னால் போகாமல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பங்கஜவல்லி வாயைத் திறந்தாள்.

"முடிச்ச எறக்கிக் கட்டு. மார்ல இறுக்குனா மூச்சு முட்டும்."

சுகிர்தா நின்றாள். பங்கஜவல்லி பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்து, பிள்ளையின் காலை இருபக்கமும் சரியாக எடுத்துவிட்டு, இடுப்பெலும்புக்கு மேலே கட்டினாள். நாற்று முடிச்சுத் தூக்கியவள் கட்டு. பிள்ளை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தை கடைசி வெள்ளிக்கிழமை சுகிர்தா நிற்காமல் நடந்தாள். சுவரில் ஒரு கொட்டை, இரண்டு, மூன்று. தெற்கே மெயின் ரோட்டில் ஐந்தரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு காரைக்கால் பக்கம் போயிற்று. நான்காவது கொட்டையை வைத்தாள். இன்னும் இரண்டு சுற்று வந்தாள். நின்றுவிட்டாள். கொட்டாங்கச்சியில் பத்துக் கொட்டை அப்படியே கிடந்தது. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். முதுகில் அல்லி விழித்துக்கொண்டு, "இன்னும் போ" என்றது.

பங்கஜவல்லியும் நின்றாள். சுவர்மேல் இருந்த நாலு கொட்டையைப் பார்த்தாள். நாலு கொட்டையும் இரண்டு சுற்றும் எந்த இடம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கலைவாணன் வாயில் பிரஷ்ஷோடு மேலே வந்தான். அந்த நேரத்துக்கு அவன் எழுவதே இல்லை. மனைவியையும் அவள் முதுகில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாப்பாவ எதுக்குக் கட்டிக்கிட்டு ஓடுற?"

பதில் பங்கஜவல்லியிடமிருந்து வந்தது.

"புள்ளதான் தூக்குன்னு அழுவுது. யான போறாப்புல போவணுமாம். நீ ஏன்டா பல்லு வெளக்க மாடிக்கு வர்ற, கீழ கொழா இல்ல?"

அவன் சுவரோரம் எச்சிலைத் துப்பினான். "எத்தன சுத்து ஆச்சு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

பங்கஜவல்லி சுவரோரமாக நடந்துபோனாள். போகிற போக்கில் நாலு புளியங்கொட்டையையும் உள்ளங்கையால் வழித்து எடுத்து, இடுப்பில் சாவிக்கொத்தோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.

"எண்ணல" என்றாள்.